அறுநூறும் எண்ணூற்றைம்பதும்

புதிதாக மலை ஏற வருகிறவனுக்குப் பழைய பனிவண்டிதான் சரி. முப்பது வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதுசு வாங்கினால் முதல் மாதமே கொண்டுபோய் ஏதாவது மரத்தில் செருகிவிட்டு அழுவான். பழசில் அந்தக் கவலை இல்லை. இந்தக் கார்னெட் கிரீக் ஊரில் யாரைக் கேட்டாலும், ஆர்வில் டென்ஹாம் பொய் சொல்லி வண்டி விற்கமாட்டான் என்பார்கள். நீங்களும் விசாரித்திருப்பீர்கள், சார்ஜென்ட்.

டெஸ்மண்டிடமும் நான் பொய் சொல்லவில்லை.

நவம்பர் கடைசியில் என் மகள் மேரன் அவனைப் பட்டறைக்குக் கூட்டிவந்தாள். எங்கள் ஊர்ப் பள்ளியில் இசை சொல்லிக்கொடுக்க வான்கூவரிலிருந்து வந்தவன். நல்ல பையன். கை குலுக்கும்போது கண்ணைப் பார்த்துப் பேசினான். வசந்தத்தில் கல்யாணம், அது முடிந்ததும் இரண்டு பேரும் வான்கூவருக்கே போய்விடுகிறோம் என்றாள் மேரன். அவள் அம்மா போய்ப் பதினோரு வருடம். அந்தப் பதினோரு வருடத்தில் நாங்கள் தனித்தனியாகச் சாப்பிட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரொம்ப சந்தோஷம் என்றேன்.

"போறதுக்குள்ள ஒரு சீசனாவது இவருக்கு மலையைக் காட்டணும்ப்பா. நீங்களே பார்த்து ஒரு வண்டி குடுங்க."

பட்டறையில் இரண்டு இருந்தன. ஒன்று அறுநூறு சிசி, சக்கரத்துக்குப் பதில் பனியில் உருளும் பட்டை குட்டை, சொன்னபடி கேட்கும். மற்றது எண்ணூற்றைம்பது, நீளப் பட்டை, செங்குத்தில் விட்டாலும் மூச்சு வாங்காமல் ஏறும். அவனைப் பக்கத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் காட்டினேன். இரண்டு சிலிண்டரிலும் அழுத்தம் ஒரே அளவு இருக்கவேண்டும். பட்டையில் பல் உடைந்திருக்கக் கூடாது. முன்சட்டம் வளைந்திருந்தால் எங்கேயோ மோதிய வண்டி, பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதே. அவன் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டான்.

"உனக்கு அறுநூறு போதும், டெஸ்மண்ட். மேரன் பதிமூணு வயசுல இந்த மாதிரி ஒண்ணுலதான் பழகுனா. பொம்பளப் பிள்ளைங்களுக்கு இதைவிடத் தோதான வண்டி கிடையாது."

மரம் வெட்டப் போகிற க்ளைட் அடுப்புப் பக்கம் காபி குடித்துக்கொண்டிருந்தான். "ஃபிடில் வாசிக்கிற கைக்கு அதுவே ஜாஸ்தி, ஆர்வில்!" என்றான். மேரன்கூடச் சிரித்துவிட்டாள். டெஸ்மண்டின் காது சிவந்தது.

"பெருசையே எடுத்துக்கறேன்," என்றான்.

"வேண்டாம்ப்பா, சொன்னாக் கேளு."

இதை எல்லோர் முன்னிலையிலும் இரண்டு தடவை சொன்னேன். க்ளைட் சாட்சி. ஒருவனைப் பள்ளத்தில் தள்ளவேண்டிய அவசியமே இல்லை, சார்ஜென்ட். உன்னால் தாண்ட முடியாது என்று அவன் காதலி முன்னால் சொன்னால் போதும்.

பெரிய வண்டியின் ஆக்ஸிலரேட்டர் கேபிள் கடும் குளிரில் திறந்தபடியே இறுகிக்கொள்ளும், பிடியை விட்டாலும் வேகம் குறையாது. முன்பு வைத்திருந்தவர் அதனால்தான் வண்டியைத் தலைமுழுகினார். புதுக் கேபிள் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. டெஸ்மண்ட் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு மூன்று பேரும் மேலே போனோம். அந்த வாரம் முழுக்கப் பனி கொட்டியிருந்தது, மேலே காற்றும் பலம். ஒரு பெரிய சரிவுக்குக் கொஞ்சம் தள்ளி, மரங்களின் ஓரம் நின்று சாண்ட்விச் சாப்பிட்டோம்.

"அந்தப் பக்கம் மட்டும் ஏறாதே. அது தெரிஞ்சவங்க ஏறுற இடம்," என்றேன்.

அவன் மேரனை ஒரு பார்வை பார்த்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான். பாதி ஏறித் திரும்பிவிடலாம் என்று நினைத்திருப்பான். வண்டி திரும்பவில்லை. கேபிள் இறுகிவிட்டது என்று சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் நின்றுவிடும், அதையும் முதல் நாளே காட்டியிருந்தேன். ஆனால் பயந்தவன் கை பொத்தானைத் தேடாது, பிடியைத்தான் இறுக்கும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பனி கோடு போல வெடித்தது. சரிவு முழுவதும் அவனோடு இறங்கியது.

பனிக்கு அடியில் போனவனுக்குக் கால் மணி நேரம் உண்டு. அதற்குப் பிறகு பெரும்பாலும் உடலைத்தான் எடுப்போம். பனியில் புதைந்தவன் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி மூன்று பேரிடமும் இருந்தது. மேரன் தன்னுடையதை உருவி எடுத்தாள்.

"உன்னோடதை அணைச்சிடு. ரெண்டும் சேர்ந்தா குழப்பிடும்," என்றேன்.

அணைத்தாள். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டமாட்டாள்.

என் கருவியின் அம்பு இடதுபுறம் காட்டியது, பதினெட்டு மீட்டர். நான் வலதுபுறம் நடந்துபோய், "இங்கே தோண்டு," என்றேன்.

தோண்டினாள். மண்வெட்டி போதாமல் கையாலும் வாரினாள். "இன்னும் எவ்வளவு ஆழம்ப்பா? சீக்கிரம்ப்பா!" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இன்னும் கொஞ்சம்தாம்மா," என்றேன். நானும் கூடவே தோண்டினேன், சும்மா நிற்கவில்லை. நாற்பது நிமிடம் ஆனபிறகு, கருவி தப்பாகக் காட்டியிருக்கிறது என்று சொல்லி அவளை இடதுபுறம் கூட்டிப்போனேன்.

இரண்டடி ஆழத்தில்தான் இருந்தான். முகத்தைச் சுற்றியிருந்த பனி மூச்சுப்பட்டு உருகி, மறுபடி கண்ணாடியாக உறைந்திருந்தது. அப்படியென்றால் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்திருக்கிறான். அதை மேரனிடம் சொல்லவில்லை. அவளை எதற்கு வேதனைப்படுத்தவேண்டும்?

பிப்ரவரி நல்ல மாதம். மேரன் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. தன்னால்தான் அவன் மலைக்கு வந்தான் என்று புலம்புவாள், நான் முதுகைத் தடவிக்கொடுப்பேன். மார்ச்சில் தீயணைப்பு நிலையத்தில் பனிச்சரிவு மீட்பு வகுப்பு நடந்தது. போகவேண்டாம் என்று நான் சொன்னதையும் மீறிப் போனாள். திரும்பி வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, என் கருவியை ஏன் அணைக்கச் சொன்னீங்க?"

"குழப்பும்னுதாம்மா."

"குழப்பாது. தேடற முறைக்கு மாத்திட்டு ரெண்டு பேரும் தேடணுமாம். முதல் பாடமே அதுதான். முப்பது வருஷமா மலையில இருக்கற உங்களுக்கு அது தெரியாதா?"

வந்து சாப்பிடு என்றேன். அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் கொடுத்த ஏழு பக்க வாக்குமூலத்தையும் நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். ஒரு வரி தவறில்லை. ஆமாம், டெஸ்மண்டை நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. ஒரே ஒரு உதவி செய்யுங்கள். அவள் அறையின் ஹீட்டரை யாரும் அணைத்துவிடவேண்டாம் என்று க்ளைடிடம் சொல்லுங்கள். கோபம் தணிந்ததும் வீட்டுக்குத்தான் வருவாள். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?