ஒட்டிய சீட்டு

மாலை ஆறரை மணி. புறவழிச் சாலை... ஈ, காக்கை இல்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு பையோடு ஒருவன் மட்டும் நிற்கிறான். என் கூட்டாளியின் சித்தப்பா அவனுக்காகத்தான் வண்டியை நிறுத்தினார். நின்றவன் சித்தியின் ஒரே தம்பி. வேலை பார்த்த கிடங்கில் ஏதோ காணாமல் போய், பழி இவன் தலையில் விழுந்து, வேலை போய்விட்டது. அக்கா வீட்டை விட்டால் அவனுக்குப் போக்கிடம் இல்லை.

சித்தப்பா தச்சர். பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற ஆள். மச்சினனைச் சேர்த்துக்கொண்டது சித்தியின் கண்ணீருக்காகத்தான்.

பொழுது போகட்டும் என்று மச்சினன் ஓர் ஆட்டம் செய்யச் சொன்னான். ஒரு சீட்டுக்கட்டு முழுவதையும் பலகையில் முகம் தெரிய வரிசையாக ஒட்ட வேண்டும். இன்னொரு கட்டு கையில். கையில் இருந்து எந்தச் சீட்டைப் போடுகிறோமோ, பலகையில் அதன் மேல் ஒரு பொத்தான் வைக்கலாம். ஐந்து பொத்தான் வரிசையாக வந்தால் ஜெயம். பலகை சித்தப்பா கொடுத்தது. தனியாகவே வாழ்ந்து செத்துப்போன ஒருவர் வீட்டில் சாமான் பிரிக்கப் போனவர், யாரையும் கேட்காமல் எடுத்து வந்த மேசைப் பலகை. லேசாகத் தைல வாடை அடித்தது. மரம் ஒட்டும் பசையை இரண்டு தடவை பூசி, பாரம் வைத்து ஒட்டினார்.

மூன்று நாள் சிரிப்பும் கூத்துமாக ஆடினார்கள். நான்காம் நாள் காலை... ஒரு சீட்டு இல்லை. கிழிக்கவில்லை, சுரண்டவில்லை. அந்த இடத்தில் மழமழவென்று வெறும் மரம்.

மறுநாள் இன்னொன்று. அதற்கு மறுநாளும்.

அந்தப் பசை பிடித்த காகிதம் முழுசாக உரிந்து வராது. அது தச்சருக்குத் தெரியாதா? ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். மச்சினன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவன் பையைக் கொட்டினார். மூன்று சீட்டும் உள்ளே இருந்தன. அதே தைல வாடை.

தான் தொடவே இல்லை என்று அவன் அக்கா மேல் சத்தியம் செய்தான். சித்தப்பா கேட்டது ஒன்றுதான்.

"கிடங்குலயும் இப்படித்தான் சத்தியம் பண்ணியா?"

அவன் ஈரத் தலையோடு சட்டையை மாட்டினான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சித்திக்கு எப்படி இருந்திருக்கும்?

தான் செய்தது சரி என்று அவளுக்குக் காட்ட வேண்டுமே. அன்று சாயங்காலமே மிச்சச் சீட்டுகளின் மேல் கண்ணாடி வைத்து, எட்டு ஸ்குரூ முடுக்கினார். திருடன் போயாச்சு, இனி ஒன்றும் போகாது என்றார்.

விடிந்தது. கண்ணாடி அப்படியே... ஸ்குரூ எட்டும் அப்படியே... உள்ளே ஒரு சீட்டு இல்லை.

சித்தப்பாவின் பார்வை மெல்லச் சித்தி பக்கம் திரும்பியது.

"அவன விரட்டியாச்சு. அடுத்து நானா?" என்றாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போனை எடுத்தார். மச்சினன் எங்கோ ஒரு லாட்ஜில் அறை எடுத்திருந்தான். மன்னிப்புக் கேட்க அவன் இடமே கொடுக்கவில்லை.

"ஏன் மாமா இப்படிப் பண்றீங்க? திருடன்னு சொல்லி அனுப்பிட்டீங்க. அப்புறம் ராத்திரியோட ராத்திரியா வந்து தலகாணிக்கு அடியில சீட்ட வெச்சுட்டுப் போறீங்க."

அவன் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம்... சர்ர்ர். நிதானமாக. மறுபடியும்... சர்ர்ர்.

"பக்கத்துல சீட்டுக் கலைக்கிறது யாருடா?"

"யாரு இருக்கா? ரூம்ல நான் மட்டும்தான் மாமா."

கலைக்கிற சத்தம் நின்றது. பிறகு... பட். பட். பட். பட்.

இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று... யாரோ இரண்டு பேருக்குச் சீட்டுப் போட்டார்கள்.