பெண் வீட்டுப் பக்கம்

எனக்கு வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள், ஐயா. வேண்டாம். நல்ல மனசோடு கேட்டீர்கள், அதற்கு நன்றி. ஆனால் எங்கள் வீட்டு விஷயத்தை எடுத்துச் சொல்ல எனக்கு இன்னொருவர் வாய் தேவைப்பட்டதில்லை. திருத்தணியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சந்திரமோகன் நிதானமான ஆள் என்றுதான் சொல்வார்கள்.

ஆர்.கே.பேட்டையில் எனக்கு விசைத்தறி ஓடுகிறது. வீடு இங்கே, மலைக்குப் போகிற சாலையில். நான், என் மனைவி மனோரமா, என் தம்பி தணிகைமணி, அவன் மனைவி புஷ்பலதா, அவர்கள் மகள் சினேகா, எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். புஷ்பா வெளியிலிருந்து வந்தவள் இல்லை. என் அம்மாவின் தம்பி மகள். பாவாடை கட்டின வயதிலிருந்து, அத்தை மகன் என்பதால், என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமாகி வந்த பிறகு, கணவனின் அண்ணன் என்பதால் அப்போதும் நான் பாவாதான். எங்கள் பக்கத்துத் தெலுங்குப் பழக்கம் அது. கூப்பிடுகிற முறை மாறாததால், தான் இன்னொரு வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

தம்பிக்கு அம்பத்தூரில் வேலை. அங்கே வேறொரு பெண்ணோடு குடித்தனம் வைத்துவிட்டான். பிறகு விவாகரத்து வேண்டும் என்று வந்து நின்றான். நான் அவனைத் திட்டினேன். ஒரு அண்ணன் திட்ட வேண்டிய அளவுக்குத் திட்டினேன்.

ஒரு நாள் காலையில் தறிக்குக் கிளம்பும்போது புஷ்பா வாசலில் வந்து நின்றாள்.

"பாவா, அரக்கோணத்துல அனுராதான்னு ஒரு வக்கீலம்மா கீறாங்களாம். இந்த மாதிரி கேஸ்தான் பாப்பாங்களாம். ஒரு வார்த்த கேட்டுகினு வரட்டா?"

"இன்னாத்துக்கும்மா? அவனும் நம்ம பையன், நீயும் நம்ம பொண்ணு. ஆளுக்கொரு வக்கீல் வெச்சிகினா அப்புறம் ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க முடியுமா? ஒரே வக்கீல் போதும். நான் பாத்துக்கிறேன்."

"ஆங், சரிங்க பாவா" என்று உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், ஐயா. நான் அவளை மிரட்டவில்லை. வக்கீல் வேண்டாம் என்று சத்தியம் வாங்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னேன், அவள் கேட்டுக்கொண்டாள்.

எங்கள் ஜனத்தில் தீர்த்துக்கொள்வதென்றால் இரண்டு பாய் விரிப்பார்கள். ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார், எதிர்ப்பாயில் பெண் வீட்டார். புஷ்பாவுக்கு அப்பா அம்மா போய்விட்டார்கள். கூடப் பிறந்தவர் இல்லை. மற்ற சொந்தமெல்லாம் எங்களுக்கும் சொந்தம், அவர்களெல்லாம் எங்கள் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். எதிர்ப்பாயில் அவள் மட்டும் இருந்தாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தப் பெண்ணுக்குப் பெண் வீட்டார் நான்தான் என்று சொன்னேன். பெரியவர்கள் சிலருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்குன்னு யாருமில்லன்னு நெனச்சிகினு இருந்தேன் பாவா" என்று அழுதாள்.

அதன் பிறகு அவளுக்காக நான் பேசினேன். தன்மானமுள்ள பெண், ஜீவனாம்சம் கேட்க மாட்டாள் என்றேன். பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருப்பதால் குழந்தை எங்கள் வீட்டிலேயே வளரட்டும் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் எதையும் மறுக்கவில்லை. இவ்வளவு சுமுகமாக முடிந்த பஞ்சாயத்தை நான் பார்த்ததே இல்லை.

எனக்கும் மனோரமாவுக்கும் குழந்தை இல்லை, ஐயா. இதை நான் மறைக்கவில்லை. சினேகா பிறந்ததிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்துத் தூங்குகிறவள். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. என்னைப் பெத்தநைனா, அதாவது பெரியப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பன்தான் வீட்டில் இல்லையே, நைனா என்றே கூப்பிடட்டும் என்று பழக்கினேன். குழந்தைகள் சீக்கிரம் பழகிக்கொள்ளும்.

கோர்ட்டில் இருவரும் சம்மதித்து மனுப் போட்டார்கள். வக்கீலை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். புஷ்பா பள்ளிப்பட்டில் ஒரு அறை எடுத்துக்கொண்டு தையலுக்குப் போனாள். வாராவாரம் குழந்தையைப் பார்க்க வருவாள். அவள் போன பிறகு சினேகா சாப்பிடாமல் அழுவாள். அதனால், கொஞ்ச நாள் வராமல் இரும்மா, குழந்தை ஏங்கிப்போகிறது என்று சொன்னேன். பெற்றவளுக்குக் கஷ்டம்தான். ஆனால் இந்த மாதிரி நேரத்தில் குழந்தையின் மனசைத்தானே பார்க்க வேண்டும்?

இப்படிச் சம்மதித்துப் போடுகிற மனுவில், சில மாதம் கழித்து நீதிபதி இரண்டாவது தடவையும் கேட்பார். அதற்குள் மனசு மாறினால் முடியாது என்று சொல்லிவிடலாம். எனக்கு அது தெரியும். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டாவது வாய்தாவுக்குச் சில நாள் இருக்கும்போது போன் பண்ணினாள். அவள் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

"பாவா, அந்த அனுராதா மேடத்தப் போயிப் பாத்தேன். எனக்குச் சம்மதம் இல்லன்னு இப்பக்கூடச் சொல்லலாமாம். பாப்பாவ எங்கிட்டயே குடுக்கச் சொல்லிக் கேக்கலாமாம். மொதல்லயே ஏம்மா வரலன்னு திட்டினாங்க. வியாழக்கெழம வந்து கையெழுத்துப் போடச் சொல்லிகீறாங்க."

"வேற யாருக்கும்மா சொன்ன?"

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாங்க. அதெல்லாம் மத்தவங்களுக்குத்தானே? நீங்க நம்ம பக்கமாச்சே பாவா."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்த வக்கீலம்மாமேல் வந்தது. எங்கள் அடுப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் பேசி, ஒரு குடும்பம் கூடி முடித்ததைக் கலைத்துவிட்டார். பஸ்ஸில் அலைய வேண்டாம், நானே வண்டியில் கூட்டிப் போகிறேன் என்று புஷ்பாவிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டில் அவளை ஏற்றிக்கொண்டேன். அரக்கோணம் சாலையில் கொஞ்ச தூரம் போனதும், குவாரிக்குப் பின்னால் கன்னியம்மன் கோயிலில் மனோரமா பொங்கல் வைக்கிறாள், பாப்பாவும் வந்திருக்கிறாள், பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். சினேகா அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மண்பாதையில் திரும்புவதற்குள் புஷ்பா இரண்டு முறை கேட்டுவிட்டாள், பாப்பா இளைத்துப்போய்விட்டாளா என்று.

அந்தக் குவாரியை மூடிப் பல வருஷம் ஆகிறது. பள்ளம் முழுக்க மழைத்தண்ணீர். ஓரமாக ஒற்றையடிப் பாதை. அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். "பாப்பா, அம்மா வந்துகினு இருக்கேன்டி" என்று குரல் கொடுத்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது, சின்ன வயதில் கிணற்றுப் படியில் இறங்கக்கூட அழுவாள். நான் பின்னாலிருந்து தள்ளினேன். ஒரு தடவைதான். ஆனால் அவள் பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் கத்தவில்லை. கால் இடறி விழுந்துவிட்டதாக நினைத்திருப்பாள். "பாவா" என்று ஒரு கையை என்னிடம் நீட்டினாள். நான் குனிந்து, பாறையைப் பிடித்திருந்த மற்ற கையின் விரல்களை எடுத்துவிட்டேன்.

மறுநாள் ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துச் சொன்னார்கள். வீட்டில் எல்லோரும் மனசு உடைந்து விழுந்துவிட்டாள் என்றார்கள். யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போதே அவள் அந்த வக்கீலம்மாவுக்குப் போன் பண்ணி, பாவா வண்டியில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. இத்தனை சொந்தக்காரர்கள் இருந்தும், அன்று மாலையே அவளைக் காணவில்லை என்று உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக்கொடுத்தது ஒரு வெளி ஆள். அவர் அவளிடம் இன்னும் ஃபீஸ்கூட வாங்கவில்லையாம். அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

நீங்கள் சடங்கு முடியும்வரை பொறுத்திருந்து என்னைக் கூப்பிட்டீர்கள். அந்தப் பெருந்தன்மையை மறக்க மாட்டேன். அங்கே ஒரு இக்கட்டு வந்தது. எங்களில் செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போடாமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். "பொறந்த வீட்டுச் சேல யாருப்பா போடறது?" என்று கேட்டார்கள். யாரும் முன்னே வரவில்லை. நான்தான் எடுத்துப் போட்டேன். பெண் வீட்டுப் பக்கம் அவளுக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள், ஐயா? கடைசி நேரத்தில் கடை கடையாக அலையக் கூடாதே என்று, புதன்கிழமையே அவளுக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.