ஓடுகிற டெக்கைத் திறந்தவர்

மணி எட்டேகால். நடுராத்திரி இல்லை, கண்ணுகளா... பேய்க்கு நடுராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? ஊரே சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிற நேரம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கடைகள் எல்லாம் அடைத்துவிட்ட நீள ரோடு. ஒரே ஒரு ஆள் நடந்து போகிறார். அவருடைய செருப்புச் சத்தம் அவருக்கே பின்னால் யாரோ வருகிற மாதிரி கேட்கிறது... சளக். சளக்.

நெருங்கி உட்காருங்கள். கால் நீட்டியிருப்பவர்கள் மடக்கிக்கொள்ளுங்கள்.

அவர் என் சிநேகிதிக்குப் பெரியப்பா மகன். பழைய வீடியோ டெக் ரிப்பேர் பார்க்கிறவர். எல்லோருக்கும் அவர் டெக்காரர்தான். பரணில் கிடக்கிற கல்யாணக் கேசட்டையும் செத்துப்போன டெக்கையும் தூக்கிக்கொண்டு யார் யாரோ வருவார்கள். இவர் அதை ஓடவைத்து, படத்தைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பார். "இன்னும் எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று கேட்காத ஆளே கிடையாது. அவரிடம் ஒரே பதில்தான்.

"இதுவும் நம்மள மாதிரிதான் சார். எலும்பு நல்லாத்தான் இருக்கும். முட்டியில இருக்கற ரப்பர்தான் முதல்ல போகும்."

வேடிக்கைக்குச் சொன்னதில்லை. டெக்கின் வயிற்றில் ஒரு கனமான சக்கரம் உண்டு. அதைச் சுற்றவைப்பது ஒரு ரப்பர் பெல்ட். இரும்பு கிடக்கும் ஐம்பது வருஷம். ரப்பரோ இருபது, இருபத்தைந்து வருஷத்தில் இளகி, உருகி, தார் மாதிரிச் சக்கரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பெல்ட் போனால் சக்கரம் நின்றது. சக்கரம் நின்றால் கேசட் நகராது. இதில் விதிவிலக்கே இல்லை.

அவர் வீட்டில் இருந்த டெக் ஒன்றைத் தவிர.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில் வாங்கியது. ஒருநாள்கூட நின்றதில்லை. ஓடுகிற மெஷினைத் திறக்கக் கூடாது என்பது அவர் தொழிலில் வைத்திருந்த கட்டுப்பாடு. அதனால் அதன் மூடியை அவர் கழற்றியதே இல்லை. அந்தக் காலத்துச் சரக்கு என்று பெருமை வேறு.

அதில் அவர் போட்டுப் பார்ப்பது ஒரே கேசட். பதினோரு நிமிஷம். டெக் வாங்கிய அன்றைக்கு, இரவல் கேமராவை அதில் மாட்டிச் சோதித்துப் பார்த்தது. அவர் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து கை தையல் மெஷினில் தலையணை உறை தைக்கிறாள். வலது கையால் சக்கரத்தைச் சுற்றியபடியே நிமிர்ந்து, "ஓடுதா?" என்கிறாள். "ஓடுது, பேசு" என்கிறது இவர் குரல். "என்னத்தப் பேச? எதிர்லதானே இருக்கீங்க" என்று சிரித்துவிட்டுத் திரும்பவும் சுற்ற ஆரம்பிக்கிறாள். அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் தையல் சத்தம்... கட கட கட கட.

அவள் போய் ஆறு வருஷம். பிள்ளைகள் இல்லை. அவள் குரல் இருக்கிற இடம் உலகத்திலேயே அந்தப் பதினோரு நிமிஷம்தான். இன்னொரு சங்கடமும் உண்டு. சில டெக்குகள் தாங்கள் பதிவுசெய்ததைத் தாங்கள் மட்டும்தான் படிக்கும். கடையில் இருந்த அத்தனை மெஷினிலும் இந்தக் கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டார். எல்லாவற்றிலும் வெறும் புள்ளியும் கோடும்தான்.

அவருடைய தங்கை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போவாள். வந்ததும் ஒரு குத்தல். "ஏண்ணே, ஊர்ல இருக்கறவன் கல்யாணத்தையெல்லாம் ஏத்திக் குடுத்துட்டே. நம்ம அண்ணிய எப்ப ஏத்தப்போறே?" இவர் அடுத்த வாரம் என்பார். அடுத்த வாரம் வரும், போகும்.

அந்த மழை ராத்திரி வீட்டுக்கு வந்தார். நனைந்த சட்டையை உதறிப்போட்டுவிட்டு, விளக்குப் போடாமலே கேசட்டைத் தள்ளினார். கடக்... விர்ர்ர்.

ஐந்தாவது நிமிஷம். படம் மெதுவாயிற்று.

தையல் சக்கரம் தயங்கித் தயங்கிச் சுற்றியது. கட... கட... ... கட. சத்தம் இழுபட்டுக் கனத்தது. அப்புறம் நின்றேவிட்டது. ஒரு மூச்சு நேரம்... இரண்டு மூச்சு நேரம்... பிறகு யாரோ களைப்பாறி எழுந்த மாதிரி, திரும்பவும் ஓடியது.

அவர் பதறிப்போனார். பேயை நினைத்து இல்லை, பாவம். கேசட்டை டெக் மென்றுவிடுமோ என்று. படம் முடிந்ததும் கேசட்டைப் பத்திரமாக வெளியே எடுத்தார். முப்பத்தொரு வருஷக் கட்டுப்பாட்டை மறந்தார். டெக்கைக் குப்புறக் கவிழ்த்து, அடித்தகட்டைக் கழற்றினார்.

வெந்த ரப்பர் வாடை. அதோடு... தையல் மெஷின் எண்ணெய் வாடை.

பெல்ட் இல்லை.

உருகிப்போய் எத்தனையோ வருஷமாகியிருக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றி வெறும் கறுப்புத் தார். மோட்டாரையும் சக்கரத்தையும் சேர்க்க ஒரு நூல்கூடக் கிடையாது. அப்படியானால் இவ்வளவு நேரம்... இத்தனை வருஷம்...

டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். தாரெங்கும் விரல் தடம். சின்னச் சின்னத் தடம், ஒன்றின்மேல் ஒன்றாக. பழையது காய்ந்து கிடந்தது. மேலே இருந்தது இன்னும் ஈரமாக மினுங்கியது. ஒவ்வொரு தடத்துக்கும் குறுக்கே ஒரு மெல்லிய கோடு. அவர் மனைவியின் ஆள்காட்டி விரலில் ஒருமுறை தையல் ஊசி ஏறிவிட்டது. அந்தத் தழும்பு கடைசிவரை மறையவில்லை. குறுக்குக்கோடு.

பயந்துபோன மனுஷன் என்ன செய்வான்? கை பழகிய வேலையைத்தான் செய்வான். பஞ்சை எடுத்தார். ஸ்பிரிட்டில் நனைத்தார். தாரைத் துடைத்தார், தடத்தையும் சேர்த்து. சக்கரம் பளபளவென்று ஆனது. புது பெல்ட் மாட்டி, மூடி, மறுபடி கேசட்டைப் போட்டார்.

படம் கண்ணாடி மாதிரி வந்தது. தயக்கமே இல்லை. அறை தெரிந்தது. தையல் மெஷின் தெரிந்தது. பாதி தைத்த உறையில் ஊசி இறங்கி நின்றது.

நாற்காலியில் யாரும் இல்லை.

"ஓடுது, பேசு" என்றது அவருடைய பழைய குரல். பதில் வரவில்லை. பதினோரு நிமிஷமும் காலி நாற்காலி.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். அவளுக்குக் கேசட்டைப் போட்டுக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, அண்ணி எங்கே? நானே எத்தனை தடவ பாத்திருக்கேன்... இங்கதானே உக்காந்திருந்தாங்க?" என்றாள். கேசட்டை மாற்றிப் போட்டிருப்பார் என்று அவளாகவே முடிவுசெய்துகொண்டு போனாள்.

அவருக்குத்தான் தெரியும். சுற்ற வேலையிருந்தவரைக்கும் அவள் இருந்தாள். வேலையை இவர் பெல்ட்டிடம் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே டெக்கைச் சுவரோரம் பக்கவாட்டில் நிறுத்தினார். அடித்தகட்டை எடுத்தார். புது பெல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கேசட்டைத் தள்ளிவிட்டுக் கீழே தரையில் உட்கார்ந்தார். மோட்டார் மட்டும் வெறுமனே முனகியது. சக்கரம் அசையவில்லை. திரை நீலமாகவே இருந்தது. மறுநாளும் நீலம்தான். அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள்... எண்ணெய் வாடை வந்தது.

சக்கரம் மெல்ல அசைந்தது. நின்றது. அசைந்தது.

திரையில் நாற்காலி. நாற்காலியில் அவள். கட... கட... மூச்சு வாங்குகிற மாதிரி ஓடியது படம். அந்தப் பதினோரு நிமிஷமும் அவருக்கு மனப்பாடம். எப்போது நிமிர்வாள், எப்போது சிரிப்பாள், எல்லாம். நிமிர்ந்தாள். "ஓடுதா?" என்று கேட்க வேண்டிய இடம்.

கேட்கவில்லை. வலது கையைத் தூக்கி, இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் கறுப்பாக இருந்தது.

"கை வலிக்குதுங்க... கொஞ்ச நேரம் நீங்க சுத்துங்களேன்."

அவர் இருட்டில் தடவிப்போய்ச் சக்கரத்தில் விரலை வைத்தார்.

ஜில்லென்று ஒரு விரல் அங்கே இருந்தது... கொஞ்சம் நகர்ந்து, இடம் விட்டது.