இனிய இல்லக் கேடயமும் இரண்டு கிளிகளும்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் வடக்குப் பார்த்தது; காற்று அவ்வளவாக வராது. வீடு வாங்கும்போதே என் மனைவி ஜெகதீஸ்வரி இதைச் சொன்னாள். நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் சங்கத்தின் செயலவை கேடயம் பற்றி எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருப்பதால், இந்தச் சின்ன விஷயத்தையும் விடாமல் சொல்லிவிடுகிறேன். பாயான் பாருவில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தொன்பது வருடம் தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருந்தவன் நான். தங்கராஜு கையெழுத்துப் போட்ட அறிக்கை என்றால் மேலதிகாரிகள் திரும்பப் படித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

முதலில் என் குடும்ப வாழ்க்கை பற்றி. முப்பத்தொரு வருடத்தில் நான் ஜெகதீஸ்வரியை ஒரு முறைகூடக் கைநீட்டி அடித்ததில்லை. கெட்ட வார்த்தை சொன்னதில்லை. எனக்குப் பிடிக்காதது ஏதாவது நடந்தால் பேசமாட்டேன், அவ்வளவுதான். துண்டை மூன்றாக மடிக்காமல் இரண்டாக மடித்ததற்காக ஒருமுறை நாற்பது நாள் பேசாமல் இருந்தேன். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், நாற்பது நாள் என்பது எவ்வளவு கட்டுப்பாடு வேண்டிய காரியம் என்று. அதை யாரும் பாராட்டவில்லை.

என் தொண்டை பற்றியும் சொல்ல வேண்டும். நான் பொய் சொல்வதற்கு முன்னால் லேசாகக் கனைப்பேன் என்று ஜெகதீஸ்வரி கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே சொல்வாள். அது தூசி ஒவ்வாமை. தொழிற்சாலையில் வேலை செய்த பலருக்கும் உண்டு.

இனி கிளிக்கு வருகிறேன். முதல் கிளியின் பெயர் பிச்சி. சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் அவள் தங்கை லோகம்மா ஒரு பொங்கலுக்கு ஜெகதீஸ்வரிக்குக் கொடுத்தாள். பகல் முழுக்க நான் வேலையில் இருந்ததால் அவளுக்குப் பேச்சுத் துணை அதுதான். சமைத்து முடித்து, அடுப்பை அடைத்துவிட்டு, கூண்டைத் தூக்கி வந்து சமையலறை மேசைமேல் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பாள். அந்த அரைமணி நேரம் அவள் சிரிக்கிற சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்குமாம். நான் கேட்டதில்லை, நான் வீட்டில் இருந்தால் அவள் அப்படிச் சிரிக்க மாட்டாள். மரியாதை தெரிந்தவள்.

நான் ஓய்வு பெற்ற வருடம் பிச்சி தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. கால்நடை டாக்டர் கமாலுதீனிடம் கொண்டுபோனோம். அவர் கிளியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஜெகதீஸ்வரியைப் பார்த்தார்.

"நோய் ஒண்ணும் இல்லம்மா. கிளி ரொம்ப நுணுக்கமான ஜீவன். நம்ம மூஞ்சி, குரல், மூச்சு எல்லாத்தயும் கவனிச்சிட்டே இருக்கும். வளக்கிறவங்க பயந்தா அதுவும் பயப்படும்லா. வீட்ல யாருக்கு டென்ஷன்?"

ஜெகதீஸ்வரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கனைத்துக்கொண்டு, "எங்க வீட்ல யாருக்கும் ஒரு டென்ஷனும் இல்ல டாக்டர்" என்றேன். மருத்துவமனை என்றாலும் தூசி இருக்கத்தான் செய்கிறது.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். நான்ஸ்டிக் குவாலிச் சட்டியை வெறுமனே அடுப்பில் காய விட்டால் ஒரு புகை வரும், நமக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அதே அறையில் கிளி இருந்தால் சில நிமிடத்தில் செத்துவிடும், ஜாக்கிரதை என்றார். ஜெகதீஸ்வரி பயந்துபோய்த் தலையாட்டினாள். நானும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

நம் சங்கத்தின் 'இனிய இல்லம்' கேடயம் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தீபாவளிக்கு முந்தின மாதம் நடுவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து தேநீர் குடித்து, கணவனும் மனைவியும் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துப் போவது நம் வழக்கம். மூன்று வருடம் அந்தக் கேடயத்துக்காக நான் தயாராக இருந்தேன். ஹாலில் ஆணி கூட அடித்து வைத்திருந்தேன்.

மூன்றாம் வருடம் நீங்கள் வந்தபோது நான் கறிபாப் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். தலைவி லோகேஸ்வரி அக்காவும் செயலாளர் கோகுலனும் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் திரும்பி வந்து வெளியே காடியை நிறுத்திப் பூட்டினேன். பீப், பீப் என்று சத்தம் வந்தது. உடனே பிச்சி கூண்டின் அடிமூலைக்கு இறங்கி, இறகை ஒடுக்கிக்கொண்டு, அச்சு அசல் என் மனைவியின் குரலில், ரகசியம் போலச் சொன்னது.

"வந்துட்டாரு, வந்துட்டாரு. டிவிய அடை. சிரிக்காத."

நான் வாசலில் நின்று முழுவதையும் பார்த்தேன், கேட்டேன். பிறகு கிளி ஒரு மூச்சு விட்டது. அந்த நீளமான மூச்சும் ஜெகதீஸ்வரியுடையதுதான்.

கோகுலன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அந்த வருடம் கேடயம் மோகனராஜ் தம்பதிக்குப் போனது. அந்தம்மா அவரை எல்லார் முன்னாலும் "ஏய் மோகன்" என்று கூப்பிடுகிறவர். இருந்தாலும் முடிவை நான் விமர்சிக்கவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு முறை உண்டு. பழுது ஏற்பட்டால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். ஐந்தாவது பதிலில் மூல காரணம் இருக்கும். கேட்டேன். கேடயம் ஏன் கிடைக்கவில்லை? கிளி பேசியதால். கிளி ஏன் பேசியது? ஜெகதீஸ்வரி பேசுவதைக் கேட்டதால். அவள் ஏன் அப்படிப் பேசினாள் என்பது அடுத்த கேள்வி. அதற்குள் போனால் வேலை நீளும் என்று அதோடு நிறுத்திக்கொண்டேன். இது முறைப்படி தவறு. இந்த ஒரு தவறை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஜெகதீஸ்வரி முட்டை பொரித்துவிட்டு, அடுப்பை அடைத்து, கூண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துத் தேத்தண்ணி குடித்தாள். பிறகு தலைக்குக் குளிக்கப் போனாள். நான் சமையலறைக்குள் போய் வடக்கு ஜன்னலைச் சாத்தினேன். காலிக் குவாலியை அடுப்பில் வைத்து, தீயை முழுக்கத் திறந்தேன். முகத்தில் சிரிப்போடுதான் செய்தேன், பிச்சி பயந்துவிடக் கூடாதே என்று. ஆனால் அது நான் அடுப்புப் பக்கம் திரும்புவதற்கு முன்னாலேயே அடிமூலைக்குப் போய்விட்டது. கிளிகள் மனிதரைப் படிக்கும் என்று டாக்டர் சொன்னது உண்மைதான். கதவைச் சாத்திவிட்டு முச்சந்திக் கடைக்கு நடந்து போய் ஒரு தேத்தாரே குடித்தேன். நன்றாக இருந்தது.

திரும்பி வந்தபோது ஜெகதீஸ்வரி ஈரத் தலையோடு கூண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

நான் கனைத்துக்கொண்டு, "அடுப்ப அடைக்காம போயிட்டியா?" என்று கேட்டேன்.

"அடைச்சேங்க. அடைச்ச மாதிரிதான் இருந்துச்சு."

மத்தியானம், "அடைக்கலியோ?" என்றாள். சாயங்காலம் தங்கைக்குப் போன் போட்டு, "நாந்தான் என் பிள்ளைய கொன்னுட்டேன்டி" என்று அழுதாள். அழுகையில் என் கனைப்பை அவள் கவனிக்கவே இல்லை. அன்று எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அவ்வளவு அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் நல்லதும் நடந்தது, அதையும் பதிவு செய்ய வேண்டும். அதன்பிறகு அவள் எதையும் என்னைக் கேட்காமல் செய்வதில்லை. வாசல்வரை போய்த் திரும்பி வந்து அடுப்பைத் தொட்டுப் பார்ப்பாள். மறுபடி போய், மறுபடி வருவாள். "அடைச்சிட்டேன்லங்க?" என்று என் முகத்தைப் பார்ப்பாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் என் முகத்தை இவ்வளவு பார்த்ததில்லை. ஜொகூரில் இருக்கும் எங்கள் மகள் பிரமிளாவிடம் அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பம் என்று சொல்லி வைத்தேன். கிளினிக்கில் மறதியைச் சோதிக்க ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்கள். ஒரு முள்கூடத் தவறாமல் வரைந்தாள். இன்னிக்கு ஏதோ நல்லா இருக்கா என்று நான் அங்கிருந்த டாக்டரிடம் விளக்கினேன்.

அடுத்த வருடத் தீபாவளிக்குக் கேடயம் எங்களுக்குக் கிடைத்தது. மறதிக்காரியான மனைவியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிற கணவர் என்று கோகுலன் மேடையில் பேசினார். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான். லோகேஸ்வரி அக்கா மனம் இளகி, கேடயத்தோடு ஒரு கிளிக்குஞ்சையும் ஜெகதீஸ்வரி கையில் கொடுத்தார். ஆகவே இரண்டாவது கிளி இந்த வீட்டுக்கு வந்தது செயலவையின் முடிவால். என் பொறுப்பு அதில் இல்லை.

ஜெகதீஸ்வரி அதன் பக்கத்திலேயே போகவில்லை. "என் கை ராசியில்லாத கை. நீங்களே பாத்துக்குங்க" என்றாள். அதனால் நான்தான் பழம் நறுக்கிக் கொடுத்தேன், நான்தான் பேசினேன். கிளி என் தோளில் ஏறி என் காதோரம் தூங்கும். பிச்சி எப்படிச் செத்தது என்று வந்தவர்களிடம் நான் சொல்லும்போதும் அது அங்கேதான் இருக்கும். நான் காடியைப் பூட்டினால் கூண்டுக் கம்பிக்கு ஓடி வரும். என்னைக் கண்டு ஒரு பறவை ஓடி வந்தது. கெட்டவனிடம் கிளி ஒட்டுமா என்று செயலவையே யோசிக்கட்டும்.

போன மாதம் நீங்கள் மறுபடியும் வந்தீர்கள். அன்று நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள், ஆனால் உங்களுக்கு விளங்கியிருக்காது. ஜெகதீஸ்வரி தேநீர்த் தட்டோடு வந்தாள். அக்கா ஆறுதலாக, "இன்னும் பிச்சிய நெனச்சிட்டுதான் இருக்கியா?" என்று கேட்டார்.

"எப்படிக்கா மறக்கும்? அடுப்ப அடைக்காம போனவ நான்தான."

ஆமாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் கிளி கனைத்தது. என் கனைப்பு. லேசாக, தொண்டைக்குள்ளே, இரண்டு தடவை.

தட்டு அவள் கையில் அப்படியே நின்றது. அவள் கிளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே பார்ப்பாளே, அந்தக் கண், சிரிப்பு மட்டும் இல்லை.

"அன்னிக்கு அடுப்ப போட்டது யாருங்க?"

"நீதான்" என்றேன். கிளி மறுபடி கனைத்தது. இந்த முறை நானும் சேர்ந்து கனைத்துவிட்டேன்.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. "அக்கா, ஒங்க காடியில என்னைக் கொண்டுபோய் சிம்பாங் அம்பாட்ல என் தங்கச்சி வீட்ல விட்டுடுறீங்களா?" என்றாள். கைப்பையை எடுத்தாள். சமையலறைப் பக்கம் திரும்பாமல், அடுப்பைத் தொட்டுப் பார்க்காமல், நேராகப் படியிறங்கிப் போனாள். திரும்பி வருவாள் என்று வாசலிலேயே நின்றேன். வரவில்லை.

அவள் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அடுப்பைப் போட்டது நான்தான். அவள் மேல் பழியைப் போட்டதும் நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கேடயத்தைத் திருப்பித் தரச் சொல்வது சரியல்ல. விதிமுறையில் பறவைகள் பற்றி ஒரு வரியும் இல்லை. மேலும், இருபத்திரண்டு நாளாக இந்த வீட்டில் ஒரு சண்டை இல்லை, ஒரு அழுகை இல்லை, யாரிடமிருந்தும் ஒரு புகாரும் இல்லை. துண்டுகளெல்லாம் மூன்றாக மடிந்திருக்கின்றன. எங்கள் இல்லம் இப்போதும் இனிய இல்லமே.

அனுப்புவதற்கு முன்னால் பிழை இருக்கிறதா என்று கடைசி வாக்கியத்தை உரக்கப் படித்துப் பார்த்தேன். தோளில் இருந்த கிளி கனைத்தது. ஜெகதீஸ்வரி போனதிலிருந்து கூட்டிப் பெருக்க ஆளில்லை. இந்த வீட்டில் இப்போது தூசி கொஞ்சம் அதிகம்தான்.