இறந்த மறுநாள் திறக்கவும்

– அழுதது போதும். மூக்கைச் சிந்திட்டு ரப்பர் ஸ்டாம்பை எடு, பாப்பா.

– கை வரலை மேடம். பத்து நாள் முன்னாடி இதே நாற்காலியில உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசினாங்க டீச்சர். இன்னிக்கு அவங்க பெட்டியை நான் பிரிக்கணுமா?

– நீ என்ன பூட்டை உடைச்சா திருடுறே? அவங்க எழுதிக் கொடுத்த நிபந்தனையைத்தான் நிறைவேத்தறோம். அந்தக் காகிதத்தைப் படி. சத்தமா.

– “நான் உயிரோடு இருக்கும்வரை இந்தப் பெட்டியை யாரும் பிரிக்கக் கூடாது. நான் இறந்த மறுநாள் முதல், பல்கலைக்கழக நூலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.”

– போய்ச் சேர்ந்து மூணு நாள் ஆச்சு. அரக்கைக் கத்தரிக்கோலால நெம்பு. மெதுவா... மெதுவாடீ, பெட்டி பழசு. எத்தனை நோட்டு?

– பதினொண்ணு. பள்ளிக்கூட நோட்டுதான் மேடம். அட்டையில “வருகைப் பதிவு”ன்னு போட்டிருக்காங்க.

– வருகைப் பதிவா? பசங்க பேரா?

– இல்லை மேடம். ஸ்கேல் வச்சு மூணு கட்டம் போட்டிருக்காங்க. தேதி, காரணம், இடம். “காரணம்: கதவு திறக்கத் தாமதம். இடம்: இடது காது.” அடுத்த வரி... “காரணம்: சிரித்தது. இடம்: முதுகு.” அதுக்கு அடுத்தது... ஐயோ, என்னால முடியாது.

– கொண்டா இங்க. அடேயப்பா! இருபத்தாறு வருஷம், ஒரு அடி விடாம. தங்கம்டீ பாப்பா, தங்கச் சுரங்கம்! எந்தப் பல்கலைக்கழகத்துல இருக்கு இது மாதிரி?

– மேடம், இது ஒரு பொம்பளை வாங்கின அடி.

– அதைத்தான் நானும் சொல்றேன். அது கிடக்கட்டும், மகளிர் ஆய்வுப் பிரிவுன்னு போர்டு மாட்டி ரெண்டு வருஷமாச்சே, நம்ம அலமாரியில என்ன இருக்கு? தையல் புத்தகம் முப்பது. அழகுக் குறிப்பு பன்னெண்டு. மனைவி லட்சணம் பத்தி ஒரு ரிட்டயர்டு புரொபசர் எழுதின புத்தகம் நாப்பது காப்பி, அவரே ஆட்டோ பிடிச்சுக் கொண்டுவந்து இறக்கினது.

– அதுல ஒண்ணை என் வீட்டுக்காரர் படிக்கணும்னு எடுத்துட்டுப் போனார். இன்னும் திருப்பித் தரலை.

– தரவே வேண்டாம்னு சொல்லு. துணைவேந்தர் என்ன சொன்னார்? “இதுக்கு எதுக்கும்மா தனி ரூமு, நாலு கம்ப்யூட்டர் போடலாமே”ன்னு சிரிச்சாரா இல்லையா? வேற எங்கேயும் இல்லாத மூல ஆவணம் ஒண்ணாவது காட்டணும். இல்லேன்னா திங்கக்கிழமை ஆய்வுக் குழு வந்துட்டுப் போன கையோட நமக்கு மூடுவிழா.

– அதுக்காகத்தானே ஒரு வருஷமா டீச்சர்கிட்ட நடையா நடந்தீங்க. இப்பவே திறந்துடலாம்னு.

– மசிஞ்சாங்களா? “நான் இருக்கிற வரைக்கும் வேண்டாம்மா. என் மூஞ்சியைப் பார்த்து யாரும் உச்சுக் கொட்டக் கூடாது”ன்னாங்க. அழுத்தக்காரி. சரி, பதினேழாம் பக்கத்துல குத்து.

– முதல் பக்கத்துல?

– அங்கேயும் குத்து. ஆனா பதினேழுதான் முக்கியம். எவனாவது முதல் பக்கத்தைக் கிழிச்சுட்டாலும் உள்ள நம்ம முத்திரை நிக்கணும்.

– மேடம்... மாடியில துணி எடுக்கப் போய்ப் படியில உருண்டுட்டாங்கன்னு சொல்றாங்க. டீச்சருக்கு முட்டி வலி. மாடி ஏறி மூணு வருஷமாச்சுன்னு என்கிட்டயே சொன்னாங்களே.

– நீ போலீசா, இல்லை புத்தகத்துக்கு எண் போடுறவளா? குத்து!

– உள்ள வரலாமா தாயே?

– அடடே, தாளாளர் ஐயாவா! வாங்க, உக்காருங்க. பாப்பா, டீச்சரோட வீட்டுக்காரர். டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்கூடமே இவங்களோடதுதான். ஐயாவுக்குத் தண்ணி குடு.

– தண்ணியெல்லாம் வேண்டாம் தாயே. துக்க வீட்டுலேர்ந்து நேரா வர்றேன். இந்தாங்க, இறப்புச் சான்றிதழ். அசல் ஒண்ணு, ஜெராக்ஸ் ரெண்டு. பெட்டியைக் கொடுத்தீங்கன்னா டிக்கியில வச்சுக்கிட்டுக் கிளம்பிடுவேன்.

– மூணே நாள்ல சான்றிதழா!

– எல்லாம் நம்மகிட்டப் படிச்ச பசங்க.

– ஒரு ஜெராக்ஸ் போதும். கோப்புல வைக்கணும். பாப்பா, வாங்கிக்கோ.

– பெட்டி?

– பெட்டி நூலகத்தோட சொத்து ஐயா. டீச்சர் கையெழுத்துப் போட்ட நிபந்தனை இதோ. கண்ணாடி இருக்கா? “இறந்த மறுநாள் முதல் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.” நீங்களும் படிக்கலாம். காலையில பத்து மணிக்கு வாங்க. அடையாள அட்டை கொண்டுவாங்க.

– விளையாடாதீங்க தாயே. அடுத்த மாசம் எனக்குப் பாராட்டு விழா. “பெண் கல்விக் காவலர்”னு பட்டம் தர்றாங்க. பத்திரிகை அடிச்சாச்சு. இந்த நேரத்துல நாலு பேரு இதைப் படிச்சா...

– நாலு பேரா? குழுவுல மட்டும் ஏழு பேரு.

– துணைவேந்தர் என் தோள்ல கை போட்டுப் பேசுற மனுஷன். ஒரு போன் போட்டா போதும், தெரியுமில்ல?

– தாராளமா போடுங்க. பதிவேட்டுல ஏத்தி, முத்திரையும் குத்தியாச்சு. இனிமே அவரே கேட்டாலும் சிண்டிகேட் தீர்மானம் இல்லாம ஒரு காகிதம் வெளியே போகாது.

– இத பாரும்மா பொண்ணு, நீயாவது சொல்லு. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அதையெல்லாம் சந்தியில வைக்கலாமா?

– ஆயிரம் இல்லைங்க ஐயா. ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கும். எல்லாத்துக்கும் தேதி போட்டிருக்காங்க.

– பாப்பா, நீ சும்மா இரு.

– எப்படி மேடம் சும்மா இருக்கிறது? நீங்க மட்டும் இல்லேன்னா இந்த மனுஷன் இத்தனையையும் கொளுத்திட்டு, மாலை போட்டுக்கிட்டு மேடையில உக்காந்திருப்பார். உங்க கால்ல விழணும் போல இருக்கு எனக்கு.

– விழு, நல்லா விழு! அதுக்கு முன்னாடி உங்க மேடத்தை ஒண்ணு கேளு. இப்படியொரு பெட்டி இருக்குன்னே தெரியாத எனக்குப் போன மாசம் போன் போட்டுச் சொன்னது யாருன்னு கேளு.

– என்ன உளறுறீங்க?

– உளறலா? “உங்க சம்சாரம் உங்களைப் பத்திப் பெட்டி நிறைய எழுதி வச்சிருக்காங்க. அவங்க இருக்கிற வரைக்கும் நான் கொடுக்க முடியாது. அவங்க காலத்துக்கப்புறம் உங்க கைக்கு வந்துடும்.” வார்த்தைக்கு வார்த்தை இப்படித்தானே சொன்னீங்க தாயே? இல்லேன்னு சொல்லுங்க பார்ப்போம்!

– மேடம்?

– வாயைத் திறங்களேன்! நீங்க சொல்லலேன்னா அவ பாட்டுக்கு ஒரு மூலையில காய் நறுக்கிக்கிட்டு இருந்திருப்பா. நான் எதுக்கு அவளை மாடிக்குக் கூட்டிட்டு...

– கூட்டிட்டு? ஏன் நிறுத்திட்டீங்க, முடிங்க ஐயா. பாப்பா இருக்கா சாட்சிக்கு.

– மேடம், இவர் சொல்றது பொய்தானே? நீங்க சொல்லலைதானே? என்னைப் பாருங்க மேடம்!

– சொன்னேன். டீச்சருக்கு முட்டி வலி ஒண்ணுதான் பாப்பா, மத்தபடி உடம்பு இரும்பு. இன்னும் இருபது வருஷம் இருந்திருப்பாங்க. நம்ம பிரிவுக்கு அவ்வளவு ஆயுசு ஏது?