பிடிவாதம் யாரிடம் இருந்தது?

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐக்கியத்தின் தலைவர் மதிப்பிற்குரிய திலீப் ஐயா அவர்களே, உடன் வந்திருக்கும் போதகர்களே, அப்பாவு ஐயாவின் துணைவியார் ரத்தினம்மா அக்கா அவர்களே, நகரியிலிருந்தும் சத்தியவேட்டிலிருந்தும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, சபைக்கு வராதவர்களாக இருந்தும் ஐயாவின் நினைவுக் கூட்டத்துக்காக இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் பிச்சாட்டூர்ப் பெரியவர்களே! எல்லாருக்கும் என் தோத்திரம்.

என் பெயர் சுலோசனா. கர்த்தருடைய தாசன் போதகர் அப்பாவு ஐயாவோடு இருபத்திரண்டு வருடம், பிசாசைத் துரத்த ஜெபிக்கிற விடுதலை ஊழியத்தில் நின்றவள். ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் முடிகிற மனிதரா அப்பாவு ஐயா? பிடிக்காதவர்கள் மைக்கை நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு மைக் இல்லாமலும் பேச வரும்.

ஐயா பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. நகரியில் பதினாறு வருடம் விசைத்தறி ஓட்டியவர். அந்தச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. அதனால் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். பிசாசை அதட்டுகிறார் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். ரத்தினம்மா அக்காவிடம் உப்பு கேட்டாலும் அதே சத்தம்தான்! ஞானஸ்நானத்தின்போது வேறு பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். "இது எங்க நைனா வெச்ச பேரு. கர்த்தருக்கு இந்தப் பேருலயே என்னைத் தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

நான் அவரிடம் ஊழியம் செய்ய வந்தவள் அல்ல. என்னைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சாப்பாடு இறங்காது. கண்ணை மூடினால் மார்பின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கும். குரல் மாறிக் கத்துவேன். ஒன்பது வெள்ளிக்கிழமை எனக்காக உபவாசமிருந்து ஜெபித்தார்கள். ஒன்பதாவது வெள்ளிக்கிழமை ஐயா ஜெப எண்ணெயைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"உன் கூடப் பொறந்தவங்க யாருன்னா கீறாங்களாம்மா?"

"ஒரு தங்கச்சி. எனுக்கு அவ செத்துப்பூட்டா."

"எப்ப செத்தா?"

"சாவல. குடுபல்லில கீறா. நான் வேணாம்னு சொன்னவனக் கட்டிக்கினு போயிட்டா. அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்."

"எத்தினி வருசமாச்சி?"

"ஏழு."

"சுலோசனா, வெளியில கீறதத் தொரத்த நான் ஜெபம் பண்ணலாம். உள்ள ஒண்ண நீயே கெட்டியாப் புடிச்சி வெச்சிக்கினு இருந்தா நான் இன்னா பண்றது?"

எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூட போடாமல் எழுந்து போனேன். இரண்டு வாரம் கழித்துக் குப்பம் பஸ் ஏறினேன். குடுபல்லியில் என் தங்கை ஷோபா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். "இப்பதான் உனுக்கு வழி தெரிஞ்சிதா?" என்றாள். "வா, துன்னு" என்று தட்டு வைத்தாள். துன்னேன். மதியம் அவள் வீட்டுத் தரையில் படுத்தவள் பொழுது சாயும்வரை தூங்கினேன். ஏழு வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை!

அதன் பிறகு ஐயா அதையே பிரசங்கித்தார். விடுதலைக்குத் தடை பிசாசின் பலம் அல்ல, மனிதனின் பிடிவாதம். மன்னிக்க மாட்டேன் என்கிற பிடிவாதம். இறங்கிப் போகமாட்டேன் என்கிற பிடிவாதம். அதைக் கேட்டு எத்தனை குடும்பங்கள் ஒன்றாயின! கேட்டவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப்பேர் இருக்கிறீர்கள்.

சத்தியம்தான். ஆனால் அந்தச் சத்தியத்தை நாங்கள் என்ன செய்தோம்? இதை நான்தான் சொல்ல வேண்டும். சுகமானவர்களை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைத்தோம். சுகமாகாதவர்களைப் பார்த்து, "உன் பிடிவாதம்தான் தடை" என்று விரல் நீட்டினோம். எங்கள் ஜெபம் கேட்கப்படாத போதெல்லாம் பழியெல்லாம் எங்களைத் தேடி வந்தவர்கள் மேல்! எவ்வளவு வசதி எங்களுக்கு!

ஆறு வருடத்துக்கு முன்னால் கங்கையா தன் மகள் ரூபாவை அழைத்து வந்தார். கங்கையா இந்த ஊர் விவசாயி, சபைக்காரர் அல்ல. ரூபாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. திடீர் திடீரென்று விழுவாள், கைகால் இழுக்கும், வாயில் நுரை தள்ளும். திருப்பதியில் ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரை கையில் இருந்தது. "மாத்திரை எதுக்கு? விசுவாசம் போதும்" என்று சொன்னவர் யார்? அப்பாவு ஐயா. ஆமாம், அவர்தான். செத்தவரைப் புகழ வந்த இடத்தில் நான் இதை மறைக்க மாட்டேன். மறைத்தால் அவரே எழுந்து வந்து என்னை அதட்டுவார்.

ஏழு வாரம் ஜெபித்தோம். நான் அந்தப் பெண்ணின் காதருகே நின்று, "பிடிவாதத்த உடு! முரட்டாட்டத்த உடு!" என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "நான் எதையும் புடிச்சிக்கினு இல்லக்கா. நான் இன்னாத்த உடறது?"

எனக்குக் கேட்கவில்லை. காது நன்றாக இருக்கிற எனக்குக் கேட்கவில்லை!

எட்டாவது வெள்ளிக்கிழமை காலை, சோறு வடிக்கும்போது ரூபா விழுந்தாள். வலது கை முழங்கைவரை கொதிக்கிற கஞ்சியில் வெந்துபோயிற்று. ஈரத்துணி சுற்றிய மகளைத் தூக்கிக்கொண்டு கங்கையா எங்கள் ஜெப ஷெட்டுக்குள் வந்தார். உள்ளே நூறு பேர். அவர் திட்டவில்லை.

"பாஸ்டரே, என் பொண்ணு இன்னும் இன்னாத்த உடணும்? சொல்லு, உடச் சொல்றேன்."

ஐயா இறங்கி வந்தார். அந்தப் பிள்ளையின் முன்னால் மண்டியிட்டார். தன் வழக்கமான பெரிய குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"புடிச்சிக்கினு இருந்தது நீ இல்ல கண்ணு, நான். மாத்திரைய நிறுத்தச் சொன்னது தப்புன்னு மூணாவது வாரமே எனுக்குத் தோணிச்சி. சொன்ன சொல்ல மாத்தினா ஜனங்க இன்னா நெனப்பாங்களோன்னு உடாம இருந்தேன். என்னை மன்னிச்சிடு."

சபையே, நான் பேய் ஓடியதைப் பார்த்திருக்கிறேன் என்று எத்தனையோ சாட்சி சொல்லியிருக்கிறேன். அந்த ஷெட்டில் நான் கண்ட பெரிய விடுதலை அதுதான். விடுதலையானவர் போதகர்!

வேன் பிடித்துத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அவரே கொண்டுபோனார். டாக்டர் ஒரு மணி நேரம் அவரைத் திட்டினார், தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அடுத்த ஒரு வருடம் மாதாமாதம் அந்தப் பிள்ளைக்குத் துணையாகப் போய் ஓ.பி. வரிசையில் நின்றார். மூன்று வருடமாக ரூபா விழவில்லை. அதன் பிறகு ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் ஐயாவின் முதல் கேள்வி, "டாக்டர்கிட்ட காட்டினியா?" என்பதுதான். ஜெபத்தை விட்டுவிட்டார் என்று சிலர் சொன்னீர்களே! விட்டாரா? முழங்காலில் இருந்த காய்ப்பைப் பாருங்கள் என்று காட்ட இன்று அவர் இல்லை. நான் சாட்சி. முன்னைவிட அதிகமாக ஜெபித்தார்!

ஐக்கியம் அவரைப் புத்தூருக்கு வரவழைத்து விசாரித்தது. "தப்பு ஒப்புக்கோண்டி, பாஸ்டர்காரு" என்றார்கள். எந்தத் தப்பை? செய்த தப்பை அவர் ஏற்கெனவே நூறு பேர் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டார். அப்படி ஒப்புக்கொண்டதுதான் தப்பு என்று சொல்லச் சொன்னார்கள்! மாட்டேன் என்றார். ஐக்கியத்திலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள்.

இப்போது மாரடைப்பில் போய்விட்டார். "விடுதலை ஊழியக்காரன் தன்னையே காப்பாற்றிக்கொள்ள முடியவில்லையே" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். நான் கேட்கிறேன், இந்த மண்டபத்தில் சாகாமல் இருக்கப்போகிறவர் யார்? கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்!

ஐக்கியத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடமில்லை என்றார்கள். இடம் கொடுத்தவர் யார்? கங்கையா. தன் வேர்க்கடலை நிலத்தின் ஓரத்தில் குழி வெட்டவிட்டார். ஏன் என்று கேட்டேன். "எங்ககிட்ட மன்னிப்புக் கேட்ட பெரிய மன்சன் அவுரு ஒருத்தர்தான். எங்க நெலத்துல படுக்கட்டும்" என்றார்.

இன்று காலை ஒரு கடிதம் வந்தது. இதோ என் கையில் இருக்கிறது. ஐயாவின் பிற்காலப் போதனை தவறு என்று நாங்கள் கையெழுத்துப் போட்டால், எங்கள் ஷெட்டை மறுபடியும் ஐக்கியத்தில் சேர்த்துக்கொள்வார்களாம். கல்லறைத் தோட்டத்தில் ஐயாவுக்கு இடமும் தருவார்களாம்.

நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

இது பிடிவாதம் இல்லையா என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் காலையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குப் பயமாகவும் இருக்கிறது. ஏழு வருடம் தங்கை முகத்தைப் பார்க்காதவள் நான், என்னை எனக்குத் தெரியும். அதனால் கடிதத்தை ரத்தினம்மா அக்காவிடம் படித்துக் காட்டினேன். அக்கா சொன்னார்கள்: "அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்த அன்னிக்குத்தான் அவரு வயிறாரத் துன்னாரு. அதத் தப்புன்னு எழுதிக் குடுப்பியா?"

திலீப் ஐயா, நீங்கள் வந்ததற்கு நன்றி; வராமலும் இருந்திருக்கலாம், வந்தீர்கள். ரூபா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் போய், "அப்பாவு உன்னிடம் மண்டியிட்டது தவறு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் இந்த மேடையிலேயே கையெழுத்துப் போடுகிறேன். முடியாவிட்டால் இந்தக் கடிதத்தை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.

சபையே! ஐயாவின் ஊழியம் நிற்காது. வருகிறவர்களுக்காக ஜெபிப்போம். மாத்திரையை நிறுத்தச் சொல்லமாட்டோம். ஜெபம் கேட்கப்படாவிட்டால் முதலில் எங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்போம். இது கர்த்தருக்கு முன்பாக நான் கொடுக்கும் வாக்கு.

ஏர்பேட்டிலிருந்து ஒரு தாய் நேற்று போன் செய்தாள். மருமகள் ஒரு மாதமாக யாரிடமும் வாய் திறந்து பேசுவதில்லையாம். "பாஸ்டர் இல்லையாமே, வெள்ளிக்கெழம வரலாமா?" என்று கேட்டாள். டாக்டர்கிட்ட காட்டினியா என்று முதலில் கேட்டேன். வாம்மா என்றும் சொல்லிவிட்டேன்.