ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பாஸ்வேர்டு

ஹலோ... ஆங், சொல்லு ஒட்டடக்குச்சி... கேக்குது, கேக்குது... ஆஸ்பத்திரிலதான். ஆபரேஷன் டிரெஸ் மாட்டி உக்கார வச்சிட்டாங்க. பின்னாடி நாடாவ முடியறதுக்கே ரெண்டு பேர் வேணும்போல... இல்ல, இன்னும் கூப்பிடல. அண்ணன் எதிர் ரூம்ல இருக்கான். முதல்ல என் கிட்னிய எடுப்பாங்க, அப்புறம் அவனுக்கு வைப்பாங்க... தைரியமாத்தான் இருக்கேன். நீ எதுக்குக் கூப்பிட்ட, அதச் சொல்லு.

என்னது... பஸ் ஸ்டாண்டு போர்டா... நேத்து பஸ் டைமே ஓடுதா... அட கஷ்டமே. அப்போ ஜனங்க எல்லாம் போயிட்ட பஸ்ஸுக்கா காத்துக்கிட்டு நிக்கிறாங்க... நீ ஏன்டா சிரிக்கிற... சரி, நானும்தான் சிரிக்கிறேன். தையல் போட்டப்புறம் சிரிச்சா வலிக்குமாம், அதான் இப்பவே சிரிச்சுக்கறேன்.

ஆமா... ஆமா, போர்டு பாஸ்வேர்டும் அந்த ஃபைல்லதான் இருக்கு. ஆபீஸ் பாஸ்வேர்டு அத்தனையும் அதுக்குள்ளதான். நம்ம பொது ஃபோல்டரப் பாரு, நேத்து போட்டு வச்சேன்... ரெண்டு இருக்கா... 'ஆபீஸ்'னு இருக்கறத மட்டும் திற. இன்னொண்ணு அப்படியே இருக்கட்டும், அப்புறம் சொல்றேன்... கேக்குது இல்ல, பூட்டத் திறக்க ஒரு பாஸ்வேர்டு கேக்குதுல்ல. அத வாயாலதான் சொல்லுவேன். மெசேஜ்ல எல்லாம் அனுப்ப மாட்டேன்.

எழுதாத. நேரா டைப் பண்ணு. பூனை... பூனைதான்டா, மியாவ்... இங்கிலீஷ் எழுத்துல. பி, ரெண்டு ஓ, என், ஏ, ஐ. அடுத்து மாடி, ரெண்டு ஏ. அடுத்து குடை. கடைசில தும்மல்... எனக்கு ஜலதோஷம் இல்லடா, அதான் வார்த்தை. தும்மல்... நடுவுல இடம் விடாத... தப்புங்குதா? தும்மலுக்கு எத்தன எம் போட்ட... ஒண்ணா? ஒரு எம்ல யாருடா தும்முவா, ரெண்டு போடு.

என்னக்கா... இல்லக்கா, பூனை ஒண்ணும் இங்க வரல, ஆபீஸ் விஷயம்... டேய், பக்கத்து பெட் அக்காவுக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு. ஃபைலுக்குள்ள போனதும் முதல் வேலையா இந்த பாஸ்வேர்ட மாத்திடு.

திறந்துடுச்சா... அப்பாடா. போர்டுன்னு தேடு... ஆங், அதேதான். காப்பி பண்ணு... ம்... ம்... வந்துடுச்சா? கரெக்ட் டைம் காட்டுதா... யாரு கை தட்டறது, டிரைவருங்களா... அவங்களுக்கு வேற வேல இல்ல.

என்ன சொன்ன... ஆமா, ஒரு வருஷமா கேட்டே, நான்தான் குடுக்கல... சரி, சரி, குத்திக் காட்டாத. கிட்னின்னு டாக்டர் கேட்டதும் உடனே சரின்னுட்டேன், பாஸ்வேர்டுக்குத்தான் இத்தன நாள் இழுத்தடிச்சேன். போதுமா... பயம்டா. எல்லாத்தையும் குடுத்துட்டா அப்புறம் ஆபீஸ்ல என்னை யாரு தேடுவான்னு... இல்லல்ல, இப்போ இல்ல. இப்போ லேசா இருக்கு.

சரி, கேளு. அந்த இன்னொரு ஃபைல்... அது என்னோடது. வீட்டு விஷயம், பாப்பா ஃபோட்டோ, எல்லாம். எங்க வீட்டுக்காரருக்குப் பாஸ்வேர்டுன்னாலே தலை சுத்தும். ஒருவேளை எனக்கு ஏதாவது... இருடா, முழுசாக் கேளு. சும்மா ஒரு பேச்சுக்கு. முதல் வார்த்தை... டேய்... ஏன் கத்தற... காதப் பொத்திக்கிட்டியா? ஆபீஸ்ல எல்லாரும் பாக்கப் போறாங்க.

...

ம்...

ம். இல்ல, அழல... சரி, சொல்லல.

வந்துட்டேன் சிஸ்டர், இதோ... ஆங், அண்ணன் வாசல்ல நிக்கிறான், வீல்சேர்ல உக்காருடான்னா கேக்க மாட்டேங்கறான்... ஃபோனக் குடுத்துடறேன் சிஸ்டர், ஒரே செகண்டு... ஒட்டடக்குச்சி, அந்த ஃபைல அழிச்சிடாத. நானே வந்து திறந்துக்கறேன். வைக்கிறேன்.